தூக்குமேடை ஏறிய தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி

தஞ்சாவூர் மாவட்டம் தம்பிக்கோட்டையில் 1912-இல் பிறந்த எஸ்.ஏ. கணபதி, சிறு வயதிலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டார். படித்ததும் வளர்ந்ததும் அங்கேதான். 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. தோட்டப்புற மக்களில் பலர் அவரைத் தியாகி என்றனர். அரசாங்கமோ ஆயுதம் வைத்திருந்த குற்றவாளி என்றது. இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையில்தான் அவருடைய வாழ்க்கை இருக்கிறது.

கோபம் அவரோடு பிறந்ததல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, தொழிலாளர்கள் கேட்டவற்றில் சம்பள உயர்வு மட்டுமா இருந்தது? துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். பதிலாகத் துப்பாக்கிச் சூடுதான் கிடைத்தது. தொழிலாளர்கள் ஐவர் மாண்டனர். பிறகு ஜப்பானியர் வந்தனர். சயாம் மரண ரயில்பாதைக்குப் போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரும்பவில்லை. அதே காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் பால்மரம் சீவிய கைகளில் துப்பாக்கியைக் கொடுத்து, நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்தது. கணபதியும் அந்த ராணுவத்தில் இருந்தவர். போர் முடிந்ததும் பழைய துரைகள் திரும்பி வந்து பழைய சம்பளத்தையே கொடுக்க முன்வந்தபோது, அரிசியோ கள்ளச்சந்தை விலையில் இருந்தது. நிமிர்ந்தவர்களை மறுபடியும் குனியச் சொன்னால் என்ன ஆகும் என்பதை அன்றைய நிர்வாகம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கணபதி கம்யூனிஸ்ட். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 1947-இல் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். கம்யூனிஸ்ட் கட்சியின் செல்வாக்கில் இருந்த அந்த அமைப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தனர். சீனர்கள் நிறைந்த ஓர் அமைப்புக்குத் தமிழர் ஒருவர் தலைவராக இருந்தது அப்போது சாதாரண விஷயமல்ல. அந்த ஆண்டு முழுக்க நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் நடந்தன.

எல்லாத் தமிழ்த் தொழிற்சங்கத்தினரும் அந்த வழியில் போகவில்லை. இங்கே நெகிரி செம்பிலானில் பி.பி. நாராயணன், கட்சிக்கு வெளியே, சட்டத்துக்கு உட்பட்டுத் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். மந்தின் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைப் பல்லாண்டு காலம் நடத்தியவர் அவர்தான்.

1948-இல் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே துறையைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டமைப்பு வைக்கலாம். நிர்வாகிகளுக்கு அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். கணபதியின் சம்மேளனம் ஜூன் மாதமே சட்டவிரோதமானது. சில நாட்களில், ஜூன் 16-ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். ஜூன் 18-இல் நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது.

கட்சி காட்டுக்குள் போனது. கணபதியும் தலைமறைவானார். அதன்பின் நடந்தவை எவருக்கும் பெருமை சேர்ப்பவை அல்ல. கொரில்லாக்கள் துரைமார்களை மட்டும் கொல்லவில்லை, கங்காணிகளையும் சாதாரணத் தொழிலாளர்களையும்கூடக் கொன்றனர். அரசாங்கத் தரப்பில், 1948 டிசம்பரில் உலு சிலாங்கூர் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். நடுவில் மாட்டிக்கொண்டது தோட்டம்.

1949 மார்ச் 1-ஆம் தேதி, ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. அதைக் கண்டெடுத்ததாகவும், போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாகவும் அவர் நீதிமன்றத்தில் கூறினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் யாரையும் சுட்டார் என்பது குற்றச்சாட்டு அல்ல. துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை என்று அவசரகாலச் சட்டம் சொன்னது.

இந்தியா குறுக்கிட்டது. லண்டனில் இருந்த இந்தியத் தூதர் வி.கே. கிருஷ்ண மேனன் பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் முறையிட்டார். இந்தியா காமன்வெல்த்தில் நீடிப்பதற்கு நேரு இசைந்த நேரம் அது. ஏப்ரல் 28-இல்தான் அந்த அறிவிப்பு வெளியானது. அந்த நட்பும் உதவவில்லை. முடிவு மலாயாவின் கையில் என்றது லண்டன். சிலாங்கூர் சுல்தானிடம் செய்த கருணை மனுவும் தள்ளுபடியானது. கைதான 64-ஆம் நாளில் தண்டனை நிறைவேறியது. அதற்கு முதல்நாள், மே 3-ஆம் தேதி, அவருடைய தொழிற்சங்கத் தோழர் வீரசேனன் இதே நெகிரி செம்பிலானில் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜோகூரில் அதே சட்டத்தின்கீழ் தூக்குத் தண்டனை பெற்ற இன்னொரு தமிழர், சம்பசிவம். அவருடைய மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. முதல் விசாரணையில் ஒரு குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுதலையானதை மறு விசாரணையில் மதிக்கவில்லை என்று கூறி, 1950-இல் அந்த மன்றம் தண்டனையை ரத்து செய்தது. அவசரம் காட்டாத நீதியில் ஓர் உயிர் தப்பியது. கணபதிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

அன்று அரசாங்கம் காட்டில் இருந்தவர்களைக் கொள்ளையர் என்றுதான் அழைத்தது. கம்யூனிஸ்ட் பயங்கரவாதி என்ற பெயர் 1952-இல் வந்தது. அப்போது கணபதி இறந்து மூன்றாண்டுகள் ஆகிவிட்டன. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஐசி, 1948-இல் 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரையும் பதிவு செய்த அவசரகால ஏற்பாட்டிலிருந்து வந்ததே. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்ததும், காலையில் வேலைக்குப் போகும்போது சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சோதனை போட்டதும் அதே கதையின் பகுதிகள்தான்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரம் முடியவில்லை. அதே ஆண்டு இசா சட்டமாக அது திரும்பி வந்தது. 2012-இல் இசா போய் சொஸ்மா வந்தது. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று கூறி, சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் உட்பட 12 பேர் இந்தச் சொஸ்மாவில்தான் பிடிபட்டார்கள். 2020 பிப்ரவரியில் அவர்கள்மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.