ஹெலனா பிளவாட்ஸ்கி

ஹெலனா பெத்ரோவ்னா பிளவாட்ஸ்கி (ஆகஸ்ட் 12, 1831 - மே 8, 1891) பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் முதன்மையானவர். அச்சபையின் அடிப்படைக் கருத்துகளை வகுத்த எழுத்தாளரும் இவரே ஆவார்.

வாழ்க்கை

உருசியப் பேரரசின் எக்கத்தரீனஸ்லாவ் நகரில் (இன்றைய உக்ரைனின் தினீப்ரோ) பிறந்தார். தந்தை படை அதிகாரி. தாய் புதின ஆசிரியர். 1842 இல் தாய் இறந்தபின் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார். 1849 இல் தம்மைவிட வயதில் மிக மூத்த நிக்கிஃபோர் பிளவாட்ஸ்கியை மணந்து, சில மாதங்களிலேயே பிரிந்து சென்றார். அடுத்த 24 ஆண்டுகளைப் பற்றிய செய்திகளுக்குப் பெரும்பாலும் அவரது கூற்றே ஆதாரம். திபெத்தில் ஞானியரிடம் பயின்றதாக அவர் கூறியதை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை.

சபையின் தோற்றம்

1873 இல் நியூயார்க் சென்றார். ஆவிகளுடன் பேசும் வழக்கம் அமெரிக்காவில் பரவியிருந்த காலம் அது. அத்தகைய நிகழ்வுகளைக் காண வெர்மான்ட் மாநிலப் பண்ணை வீடொன்றுக்குச் சென்றபோது, 1874 இல் வழக்கறிஞர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டைச் சந்தித்தார். இவர்களும் வில்லியம் ஜட்ஜ் உள்ளிட்ட சிலரும் 1875 இல் சபையை நிறுவினர். பிளவாட்ஸ்கியின் 'ஐசிஸ் அன்வெய்ல்டு' 1877 இல் வெளிவந்தது. 1879 இல் இருவரும் பம்பாய் வந்தனர். 1880 இல் இலங்கையின் காலி நகரில் பௌத்தம் தழுவினர். 1882 இறுதியில் சபையின் தலைமையகம் சென்னை அடையாறுக்கு மாறியது.

கருத்துகள்

எல்லாச் சமயங்களுக்கும் தொன்மையான ஒரே மறைஞானமே வேர் என்பது இவரது மையக் கருத்து. அந்த ஞானத்தை மகாத்மாக்கள் எனப்படும் குருமார் காத்து வருவதாகவும், தாம் அவர்களின் கருவி மட்டுமே என்றும் கூறினார். முதல் நூலில் தெளிவாக இடம்பெறாத மறுபிறப்புக் கொள்கை, இந்தியா வந்த பின்னரே முதன்மை பெற்றது. மனிதர் மீண்டும் விலங்காகப் பிறப்பதில்லை என்பதில் இவரது கொள்கை இந்து சமய வழக்கிலிருந்து வேறுபடுகிறது.

அடையாறு சர்ச்சை

மகாத்மாக்களின் கடிதங்கள் அடையாறில் ஒரு மரப்பேழையில் தோன்றுவதாகச் சொல்லப்பட்டது. பேழை இருந்த அறை பிளவாட்ஸ்கியின் படுக்கையறையை ஒட்டியிருந்தது. சபையின் இல்லப் பொறுப்பிலிருந்து 1884 இல் நீக்கப்பட்ட கூலோம்ப் தம்பதியர், ஏமாற்று வேலைக்கு உதவுமாறு பிளவாட்ஸ்கி தங்களுக்கு எழுதியவை எனச் சில கடிதங்களை வெளியிட்டனர். அவை போலியானவை என அவர் மறுத்தார். வழக்குத் தொடர விரும்பியபோது சபையின் குழு அதற்கு இசையவில்லை. சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச் என்னும் இலண்டன் அமைப்பின் சார்பில் ரிச்சர்ட் ஹாட்சன் ஆராய வந்தார். அதற்கு முன்பே பேழையைச் சபையினர் சிலர் அழித்துவிட்டிருந்தது ஐயத்தை வளர்க்கவே செய்தது. 1885 இல் வெளியான அறிக்கை அவரை மோசடிக்காரர் என முடிவு செய்தது. அறிக்கையின் கையெழுத்து ஆய்வு குறைபாடுடையது என்று 1986 இல் அதே அமைப்பின் இதழில் வெர்னன் ஹாரிசன் எழுதினார். எனினும், பேழை நிகழ்வுகள் உண்மையென அவர் நிறுவவில்லை.

இறுதிக் காலம்

1885 மார்ச்சில் இந்தியாவை விட்டு நீங்கிய பிளவாட்ஸ்கி திரும்பி வரவில்லை. 1888 இல் 'தி சீக்ரெட் டாக்ட்ரின்' இரு தொகுதிகளாக வெளிவந்தது. இது தசியான் என்னும் பழஞ்சுவடியின் விளக்கமாக எழுதப்பட்டது. அச்சுவடியை வேறெவரும் கண்டதில்லை. இந்நூலுக்கு மதிப்புரை எழுத வாய்த்த அன்னி பெசன்ட், 1889 இல் சபையில் சேர்ந்தார். பிளவாட்ஸ்கி 1891 இல் இலண்டனில் சளிக்காய்ச்சலால் காலமானார். மகாத்மாக்களின் பெயரால் வந்த கடிதங்கள் பற்றிய பூசல் அவருக்குப் பின்னும் ஓயவில்லை. ஜட்ஜ் மீது அதே குற்றச்சாட்டு எழ, 1895 இல் அமெரிக்கக் கிளையின் பெரும்பகுதி பிரிந்து சென்றது.