பக்கிங்காம் கோமகன் (சென்னை ஆளுநர்)

மூன்றாம் பக்கிங்காம் கோமகன் ரிச்சர்ட் டெம்பிள்-கிரென்வில் (செப்டம்பர் 10, 1823 – மார்ச் 26, 1889) ஓர் ஆங்கிலேய அரசியல்வாதி. இவர் 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராகப் பதவி வகித்தார். மயிலாப்பூர் வழியே ஓடும் பக்கிங்காம் கால்வாய் இவர் பெயரால் அழைக்கப்படுகின்றது.

வாழ்க்கை

இவரது தந்தை 10 இலட்சம் பவுண்டுக்கும் மேல் கடன்பட்டு நொடித்துப்போனார். 1848 இல் குடும்ப மாளிகையான ஸ்டோவின் பொருட்கள் ஏலம் விடப்பட்டன. கடனை அடைப்பதே மகனின் இளமைக்காலப் பணியாயிற்று. 1853 முதல் 1861 வரை இலண்டன் வடமேற்கு இரயில்வே நிறுவனத்தின் தலைவராகவும், 1867-68 இல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராகவும் இருந்தார்.

கால்வாய் இவர் குடும்பத்துக்குப் புதிதன்று. பக்கிங்காம் நகருக்குப் படகுகள் வர 1801 இல் திறக்கப்பட்ட கிளைக்கால்வாய் இவரது முன்னோரின் முயற்சியால் அமைந்தது. அக்கிளை 1964 இல் கைவிடப்பட்டது. எனினும் அது பிரிந்த முதன்மைக் கால்வாயில் ஒடுங்கிய படகுகளில் கோடையைக் கழிப்போர் இன்றும் உண்டு.

பஞ்சம்

இவர் பதவியேற்ற மறு ஆண்டே பருவமழை பொய்த்தது. 1876-78 பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. 1877 சனவரியில் வைசிராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார் (பெயர் ஒத்திருப்பினும் இவர் வேறொருவர், இருவரையும் குழப்பிக்கொள்ளலாகாது). நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் சிறிது காசுமே போதும் என டெம்பிள் குறைத்தார். மண் வெட்டுபவனுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம்! மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார்; அதே ஆண்டு கூலி உயர்த்தப்பட்டது. ஆகஸ்டில் கோமகன் இலண்டன் மாநகரத் தந்தைக்குத் தந்தி அனுப்பி நிதி திரட்டச் செய்தார்.

கால்வாய்

சென்னையிலிருந்து எண்ணூர் வரையான பகுதி 1806 லேயே பாசில் காக்ரேன் என்பவரால் வெட்டப்பட்டிருந்தது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டபோதும், நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே இணைப்பு இல்லை. அந்த 8 கிலோமீட்டரைத்தான் 1877-78 இல் பசித்த மக்கள் கூலிக்கு வெட்டினர். கோமகன் கால்வாயைத் தொடங்கியவரும் அல்லர், முடித்தவரும் அல்லர். ஆயினும் 1878 இல் அவர் பெயரே முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் ஏதும் அங்கில்லை.

உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் சென்றன. சாலை வசதி பெருகும் முன்னர், மாமல்லபுரம் காணச் சென்றோர் படகிலேயே பயணித்தனர். காற்றிருந்தால் பாய் விரிப்பர். இல்லையேல் கழி ஊன்றித் தள்ளுவர், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பர். பயணிகளுக்கு நிலவும் பேச்சும் தான் வேலை. பாரதிதாசன் நண்பர்களோடு சென்ற இத்தகைய பயணமே அவரது 'மாவலிபுரச் செலவு' கவிதையாயிற்று. பின்னாளில் சாக்கடை நீர் கலந்தது. 1990களில் பறக்கும் தொடர்வண்டியின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழுந்தன. நகர்ப் பகுதியில் இப்போது படகு செல்ல இயலாது.

மறைவு

1880 டிசம்பரில் கோமகன் பதவி விலகி இங்கிலாந்து திரும்பினார். 1889 இல் இலண்டனில் காலமானார். இவருக்கு மூன்று மகள்கள். ஆண் வாரிசு இல்லாமையால் பக்கிங்காம் கோமகன் பட்டம் இவருடன் முடிவுற்றது.