கஞ்சித்தொட்டி வைத்த முன்சீப்

ஜூலை மாதம் 21-ந் தேதி மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள் மரித்த நாள். 1889-ம் ஆண்டிலே அவர் இவ்வுலகை விட்டு அகன்றார். தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதிவிடுகிறார்கள். அவர் கத்தோலிக்க விசுவாசி என்பதும், பஞ்ச காலத்திலே அவர் என்ன செய்தார் என்பதும் நம் வீடுகளில் அநேகருக்குத் தெரியாது. ஆகையால் இந்த வாரம் அவரைப் பற்றிச் சொல்லுவோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ம் ஆண்டு சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சிக் கோர்ட்டில் வேலைக்கு அமர்ந்து, பிறகு முன்சீப் உத்தியோகத்துக்கு உயர்ந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, அப்புறம் மாயூரம். இன்று மயிலாடுதுறை என்று வழங்கும் அந்த ஊரிலேதான் நெடுங்காலம் வாழ்ந்தார். ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முன்சீப் நாற்காலி எப்படிப்பட்ட இடம் என்று சற்று யோசித்துப் பாருங்கள். மனிதர் தங்கள் நல்ல குணத்தைக் காட்ட அங்கே வருவதில்லை. ஒரு வரப்புக்காக அண்ணனும் தம்பியும் வருவார்கள். வாங்கிய கடனை வாங்கவேயில்லை என்று சத்தியம் செய்கிறவன் வருவான். காசு பெற்றுக்கொண்டு சாட்சி சொல்ல ஒருவன் வாசலில் காத்திருப்பான். தினந்தோறும் இதையே பார்க்கிறவனுக்கு மனம் மரத்துப் போவது சுபாவம். ஒரே ஒரு முறை ஏமாந்தவர்களே, இனி எவனுக்கும் ஒரு பிடி அரிசி கொடுப்பதில்லை என்று கதவைச் சாத்திக்கொள்ளுவதை நாம் பார்க்கவில்லையா?

வேதநாயகம் பிள்ளைக்கு மனம் மரத்துப் போகவில்லை. லஞ்சம் வாங்கும் அதிகாரிகளை 1859-ல் வெளிவந்த தமது நீதிநூலிலே தயவு தாட்சணியமின்றிக் கண்டித்தார். அவரும் அந்த உத்தியோக வர்க்கத்தில் ஒருவரே என்பதை மறக்கலாகாது. சட்டமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தபடியால் ஏழை வழக்காளி ஒன்றும் அறியாமல் விழிப்பதைக் கண்டு, மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் அச்சிட்டார். மனிதருடைய சூதும் வாதும் நன்றாய்த் தெரிந்தவர்தான். அவற்றைத் தம் கதைகளில் வேடிக்கையாய்ச் சொல்லிச் சிரிக்க வைத்தார். ஆனால் அந்த அறிவை, கொடாமலிருப்பதற்கு ஒரு சாக்காக அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குச் சோதனையாக வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் பயத்தோடு சொல்லுவது அதுவே. சென்னை மாகாணத்தில் மட்டுமே முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டிருக்கலாம் என்பது பலருடைய கணக்கு. சர்க்கார் நிவாரண வேலையிலே நாள் முழுதும் மண் சுமந்தவனுக்கு, 1877-ம் ஆண்டு ஆரம்பத்தில், ஒரு ராத்தல் தானியத்தைக் கணக்காக வைத்துக் கூலி அளந்தார்கள். எலும்பும் தோலுமாய் நிற்கிறவனுக்கு அது எந்த மூலைக்கு?

காவேரி பாயும் தஞ்சைச் சீமை, மானம் பார்த்த பூமிகளைப் போல அவ்வளவு காய்ந்துவிடவில்லை. ஆனபடியால் பட்டினி கிடந்த ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு அந்தத் திக்கை நோக்கி நடந்தார்கள். நெல் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. இங்கேதான் மனித சுபாவம் வெளிப்படுகிறது. நெல் இல்லாத ஊரில் கொடாதவனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பத்தாயம் நிறைந்திருக்கும்போது, அடுத்த மாதம் இன்னும் இரண்டு பணம் கூடும் என்று ஆசை காதில் ஓதும்போது, பூட்டைத் திறப்பதுதான் கஷ்டம்.

அப்போது வேதநாயகம் பிள்ளை முன்சீப் உத்தியோகத்தில் இல்லை. அதை விட்டு விலகியிருந்தார்; மாதாமாதம் வந்த பெரிய சம்பளமும் நின்று போயிருந்தது. இனி இருப்பதை வைத்துக் காலம் தள்ள வேண்டும் என்று எண்ணுகிற வயது. அந்த வயதிலே அவர் கஞ்சித்தொட்டிகள் வைத்தார். தம் சொந்தப் பொருளையே அள்ளிச் செலவிட்டு, வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். பஞ்சம் தீர வேண்டுமென்று சர்வேசுரனை நோக்கிக் கதறிக் கீர்த்தனைகளும் பாடினார். ஜெபம் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். பாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவு மனம் வந்திராது.

தேவமாதாவின் பேரில் அந்தாதி பாடியவர் அவர். தம் வேதத்தை ஒருபோதும் மறைத்தவரல்லர். ஆனாலும் அவருடைய நெருங்கிய சிநேகிதர்களைப் பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பழுத்த சைவர். வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். திருவாவடுதுறை மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோ இவருடைய பாட்டுகளை விரும்பிக் கேட்டவர்.

பஞ்ச காலத்தில் அந்தக் கஞ்சித்தொட்டிகளைக் கண்ணாரக் கண்டவர்களில் கோபாலகிருஷ்ண பாரதியாரும் ஒருவர். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடிய அதே பாரதியார்தான்; பிராமணர், சிவபக்தர். வேதநாயகம் பிள்ளையின் தர்மத்தைக் கண்டு மனமுருகி, இந்தக் கிறிஸ்தவரை மனிதருள் மேரு மலையாகப் போற்றி ஒரு கீர்த்தனை இயற்றினார்.