மீன்களுக்கு வழி கேட்ட டாக்டர்

விரால், கெளுத்தி, கெண்டை, அயிரை. நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தப் பெயர்கள் தெரியாத வீடு இல்லை. சுரங்கத்தில் இறைக்கும் நீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கத்தில் சின்னப் பையன்கள்கூட மீனைப் பார்த்ததும் பெயர் சொல்லுவார்கள்.

இப்படிப்பட்ட நம் நாட்டு மீன்களைத் தேடிப் பிடித்து, அளந்து, படத்தோடு புத்தகமாக்கியவர் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து டாக்டர். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

1829-ல் இங்கிலாந்தில் பிறந்தார். லண்டனில் வைத்தியம் படித்து, 1852-ல் சென்னைப் பட்டாளத்தில் டாக்டராகச் சேர்ந்தார். வேலை வைத்தியம், மனம் மட்டும் ஆற்றிலும் குளத்திலும்! கொச்சியில் இருந்தபோது மலையாளக் கரை மீன்களை ஆராய்ந்து, 1865-ல் ஒரு நூல் வெளியிட்டார்.

அதே ஆண்டில் திருவிதாங்கூர் மலைப் பகுதியில் கிடைத்த ஓர் அழகான கெண்டையை உலகுக்கு அறிவித்தார். உடலில் கறுப்புக் கோடு, அதன் மேல் சிவப்புக் கோடு. சென்னை கவர்னர் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார். இன்று கண்ணாடித் தொட்டிக்காகப் பிடித்துப் பிடித்தே அருகிப்போன மீன் அது.

அணை கட்டியவரின் கேள்வி

நெய்வேலிக்குத் தெற்கே, கொள்ளிடத்தில் கீழணை இருக்கிறது. 1836-ல் சர் ஆர்தர் காட்டன் கட்டியது. வீராணம் ஏரிக்கு நீர் தருவது அதுதான். ஆனால் உல்லம் மீனுக்கு அது சுவர். உல்லம் கடலில் வாழும். வெள்ளக் காலத்தில் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். அணை வந்தபின் அங்கேயே முட்டி நின்றது. நின்ற மீனைப் பிடிப்பது எளிதல்லவா? கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள்.

அணைகளால் மீன் குறைகிறதோ என்ற கேள்வியை 1867-ல் எழுப்பியவர் அதே காட்டன்தான்! விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் வந்தது. சென்னை மாகாணத்தில் தொடங்கி, ஒரிசா, வங்காளம், பர்மா வரை போனார். பிறகு இந்திய மீன்வளத் துறைக்குத் தலைமை அதிகாரியானார்.

தாசில்தார்களுக்கெல்லாம் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார். மழைக்காலத்தில் குஞ்சுகள் வயலுக்குள் ஏறும். தண்ணீர் வடியும் ஒவ்வொரு மடையிலும் பறி வைத்து, விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளைக் கூடை கூடையாக அள்ளுவதை அவர் கண்டார். 1873-ல் அறிக்கை கொடுத்தார். அணைகளில் மீன் ஏற வழி விட வேண்டும். வலைக்கண் மிகச் சிறிதாக இருக்கக் கூடாது. குஞ்சுகளை அழிக்கக் கூடாது என்பன அவர் யோசனைகள்.

சட்டம் உடனே வரவில்லை. ஏழை வீட்டுக் குழம்புக்கு அந்தப் பொடி மீன்தானே கதி? அதைத் தடுத்தால் சேவகன் கெடுபிடிக்கு யார் ஆளாவது? இந்தப் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

டேயும் குறையே இல்லாதவர் அல்ல. சீமை டிரவுட் மீனை நீலகிரியில் வளர்க்க முயன்றவர் அவர். அது பலிக்கவில்லை.

1875 முதல் 1878 வரை அவருடைய பெரிய நூலான இந்திய மீன்கள் பகுதி பகுதியாக வந்தது. சேர்த்து வைத்த மீன்களில் ஒரு பெரும் பகுதி லண்டனுக்குப் போகாமல் ஆஸ்திரேலியாவுக்கு விலைக்குப் போயிற்று. லண்டன் அருங்காட்சியகத்து மீன் நிபுணர் குந்தருக்கும் அவருக்கும் ஒத்துப்போகாததே காரணம் என்பார்கள். பண்டிதர் சண்டையில் மீன்கள் கப்பல் ஏறின!

1889-ல் டே காலமானார். 8 ஆண்டு கழித்து, 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது தடுத்தது. வலைக்கண்ணுக்கு அளவு வைக்கவும் இடம் கொடுத்தது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவும், பின்னால் வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நம் ஏரி மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பது டே காலத்தில் யாரும் எண்ணிப் பார்க்காத சங்கதி.