குந்தாலி தூக்கிய போதகர்

பிரான்சு நாட்டு மலைக்கிராமம் வால்டர்ஸ்பாக். 1767-ல் அங்கே போதகராக வந்தார் ஓபர்லின். வயது 26. ஊரெங்கும் வறுமை, வெளியூர் செல்ல நல்ல பாதை இல்லை.

பாதை போடுவோம் என்றார். மக்கள் தயங்கினர். போதகரே குந்தாலியைத் தோளில் வைத்து முன்னே நடந்தார். ஊரே பின்தொடர்ந்தது! பாதை வந்தது; ஆற்றுக்குப் பாலமும் வந்தது.

1783-ல் மனைவி சலோமி காலமானார். தாயில்லாப் பிள்ளைகள் ஏழு பேர்! பணிப்பெண் லூயிஸ் ஷெப்ளர் அவர்களைத் தாய்போல் வளர்த்தார்; பிறகு சம்பளமும் வேண்டாம் என்றார். ஓபர்லின் தொடங்கிய பாலர் பள்ளிகளிலும் உழைத்தார்.

59 ஆண்டுகள் அதே ஊரில் தொண்டு செய்த ஓபர்லின், 1826-ல் மறைந்தார். அமெரிக்காவில் 1833-ல் தோன்றிய ஒரு கல்லூரி, அந்தக் கிராமப் போதகரின் பெயரையே சூட்டிக்கொண்டது.