உயரத்தை நம்பிய மேஜர் – எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்

சிம்போசியம் நேரம். வாலன்டியர்கள் கையில் ஆளுக்கொரு வாக்கி-டாக்கி. அட்டைப்பெட்டியில் 10 கி.மீ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கு. ஆனா மெயின் பிளாக்கில் இருந்து கூப்பிட்டா, ஹாஸ்டல் பக்கம் நிற்கிறவருக்கு வெறும் இரைச்சல்தான் கேட்குது. உங்களுக்கும் நடந்திருக்கும்தானே? கடைக்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒருத்தரோட கதையைக் கேளுங்க. உங்க கையில் இருக்கிற அந்தப் பெட்டிக்குள்ள பாதிக்கு மேல அவர் மூளைதான்.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1890-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே வானொலிப் பைத்தியம். யாங்கர்ஸ் ஊரில் தன் வீட்டுத் தோட்டத்தில் சுமார் 125 அடி உயர ஆன்டெனா கம்பத்தைத் தானே நிறுத்தினார். எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் என்பது அந்த வயசிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நம்மள மாதிரி இளங்கலை மாணவனா இருந்தப்பவே, 1912-ல் ரீஜெனரேட்டிவ் சர்க்யூட்டைக் கண்டுபிடித்தார். முதல் உலகப்போரில் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சேர்ந்து பாரிஸ் போனவர், 1918-ல் அங்கே உருவாக்கியது சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர். ஈ.சி.ஈ. நண்பர்களே, தேர்வுக்கு நீங்க வரைகிற அதே பிளாக் டயகிராம்தான்!

ஆனா வானொலியில் இடியும் மின்னலும் கலந்து வரும் இரைச்சல் அவரைத் தூங்கவிடவில்லை. அலையின் வீச்சை மாற்றாமல் அதிர்வெண்ணை மாற்றினால் என்ன என்று வருஷக்கணக்கில் முட்டிமோதினார். 1933 டிசம்பரில் எஃப்.எம். காப்புரிமைகள் கிடைத்தன. அடுத்த வருஷம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஆன்டெனா வைத்துச் சோதித்தார். சுமார் 130 கி.மீ. வரை சிக்னல் போய்ச் சேர்ந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு கணக்குப் போடலாம். இந்த அதிர்வெண்களில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால் ஓர் எல்லைக்கு மேல் தரை மறைத்துவிடும். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்குங்க. வர்றதுதான் கி.மீ.-ல் ரேடியோ அடிவானம். 380 மீட்டர் கட்டடத்துக்குச் சுமார் 80 கி.மீ. வரும். பெரிய டிரான்ஸ்மிட்டரும் நல்ல ரிசீவரும் சேர்ந்ததால், அவருக்கு அதையும் தாண்டிக் கேட்டது. உங்க கையில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற செட்டுக்கோ 5 கி.மீ.தான். எதிர்முனையில் நிற்கிறவருக்கும் 5. ஆக மொத்தம் 10!

அப்போ அட்டைப்பெட்டி சொன்னது பொய்யில்லை. ஆனா அது மரமோ சுவரோ இல்லாத பொட்டல் வெளிக்கான கணக்கு. கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே ஒரு கி.மீ. கிடைச்சாலே நல்லது, சில இடத்தில் அரை கி.மீ.கூடத் தாண்டாது. வாட்டைக் கூட்டினா சரியாகுமா? பவரை இரண்டு மடங்காக்கினாலும், தடையே இல்லாத வெளியில்கூடத் தூரம் 1.4 மடங்குதான் கூடும். அதைவிட ஒருத்தர் 12 மீட்டர் உயர மொட்டைமாடிக்கு ஏறினால், அவரோட அடிவானம் மட்டும் 14 கி.மீ. ஆகிடும்.

இரண்டாம் உலகப்போரில் இதே பாடத்தைப் படைவீரர்கள் கற்றார்கள். கையில் பிடிக்கும் ஏ.எம். செட்டான எஸ்.சி.ஆர்.-536 நிலத்தில் ஒரு மைல் அளவுக்குத்தான் எட்டியது. முதுகில் சுமக்கும் எஃப்.எம். செட்டான எஸ்.சி.ஆர்.-300 சுமார் 3 மைல், அதுவும் இரைச்சல் குறைவாக. போர் முடியும்வரை ராயல்டியே வாங்காமல் தன் எஃப்.எம். காப்புரிமைகளை ராணுவத்துக்குக் கொடுத்தவர் ஆர்ம்ஸ்ட்ராங்.

அவருக்குக் கிடைத்தது என்ன? ரீஜெனரேட்டிவ் காப்புரிமை வழக்கில் 1934-ல் உச்ச நீதிமன்றம் எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பளித்தது. 1945-ல் எஃப்.எம். ஒலிபரப்பு அலைவரிசையையே அரசு மாற்றியதால், மக்கள் வாங்கியிருந்த பழைய செட்டுகள் வீணாயின. ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு 1948-ல் தொடங்கிய வழக்கு பணத்தையும் நிம்மதியையும் கரைத்தது. 1954 ஜனவரி கடைசியில், தனிமையில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயசு 63.

மனைவி மரியன் வழக்குகளை விடவில்லை. கடைசி வழக்கு, வாக்கி-டாக்கி செய்த மோட்டோரோலாவுக்கு எதிரானது, 1967-ல் அவர் பக்கம் முடிந்தது. அதைப் பார்க்க ஆர்ம்ஸ்ட்ராங் இல்லை. இன்னும் சில வருஷம் யாராவது தாங்கிப் பிடிச்சிருந்தா பார்த்திருப்பார். உங்க பக்கத்தில் யாராவது அப்படித் தனியா நின்னா, போய்ப் பேசுங்க. அதுக்கு ரேஞ்ச் எதுவும் தேவையில்லை.

அடுத்த சிம்போசியத்தில் செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டே பேசாதீங்க; உடம்பே சிக்னலை விழுங்கிடும். ஆன்டெனா நேராக நிற்கும்படி முகத்துக்கு முன்னால் பிடிங்க. நடுவில் ஒருத்தரை மொட்டைமாடியில் நிறுத்தி, செய்தியை வாங்கிச் சொல்லச் சொல்லுங்க. ஹாஸ்டல் வரைக்கும் கேட்கும்.