அர்ஹீனியஸ் போட்ட கணக்கு

இரசாயனம் பயில்வோர் ஸ்வாந்தே அர்ஹீனியஸை ஒரு சமன்பாட்டின் பெயராகவே அறிவோம். பனியுகத்துக்கும் காற்றிலுள்ள கரியமிலவாயுவுக்கும் உள்ள உறவை ஆராய முற்பட்டவரும் அவரே.

அவர் 1859-ல் ஸ்வீடனில், உப்ஸாலா நகரருகே பிறந்தார். கரைசல்களில் மின்சாரம் பாய்வதைப் பற்றி 1884-ல் அவர் அளித்த ஆய்வேட்டுக்கு உப்ஸாலாப் பேராசிரியர்கள் தாழ்ந்த தகுதியே தந்தனர். அவர் சோர்ந்துவிடவில்லை, ஏட்டின் படிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஆஸ்வால்ட் நேரில் வந்து பாராட்டினார். அவ்வேட்டிலிருந்து வளர்ந்த அயனிக் கொள்கை 1903-ல் நோபல் பரிசு பெற்றது. ஆராய்ச்சியின் வாயிலில் நிற்கும் இருபத்துமூன்று வயதினனாகிய எனக்கு இவ்வரலாறு தெம்பூட்டுகிறது.

எனினும் என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய 1896-ஆம் ஆண்டுக் கட்டுரையே. பனியுகம் ஏன் வந்தது என்பது அன்றைய பெரும் புதிர். எரிமலை, பாறை, கடல் ஆகியவற்றிடையே கரியமிலவாயு சுற்றிவருவதை அவர் நண்பர் ஹோக்பாம் ஆராய்ந்திருந்தார். அவ்வாயு கூடினாலும் குறைந்தாலும் வெப்பம் எவ்வளவு மாறும் என்று அர்ஹீனியஸ் ஒவ்வொரு அட்சரேகைப் பகுதிக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் கையாலேயே கணக்கிட்டார். இல்லறம் முறிந்துகொண்டிருந்த நாட்களில் மாதக்கணக்காக நடந்த உழைப்பு அது! வாயு இரட்டித்தால் வெப்பம் 5 முதல் 6 டிகிரி உயரும். வெப்பமண்டலத்தைவிட வடதுருவத்தை அடுத்த பகுதிகளில் மாறுதல் மிகும் என்று கண்டார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது அல்லவா?

நிலக்கரிப் புகையில் ஆறில் ஐந்து பங்கைக் கடல் விழுங்கிவிடும் என்று அவர் எண்ணினார். ஆகவே வெப்பம் மிக மெல்லவே ஏறும், குளிர்நாடுகளுக்கு அது நன்மையே என்று மகிழ்ந்தார். 1927-ல் மறைந்தார்.

பிற்காலத்தில் அண்டார்க்டிகாப் பனியில் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள் சாட்சி கூறின. பனியுகத்தில் பத்து லட்சத்தில் சுமார் 180 பங்காக இருந்த கரியமிலவாயு, அது முடிந்ததும் 280-ஐ நெருங்கியது. ஆழ்கடல் அடக்கி வைத்திருந்த வாயு வெளிவந்ததே இதன் பெருங்காரணம். பனியுகத்தைத் தொடங்கி வைப்பது, அர்ஹீனியஸ் ஏற்க மறுத்த, பூமிப்பாதையின் மாறுதல். அதைப் பெருக்குவது அவர் சுட்டிய வாயு.

இன்றோ அது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளிவிடுவதில் ஏறத்தாழ கால் பங்கையே கடல் ஏற்கிறது. வடதுருவம் உலகச் சராசரியைவிடப் பன்மடங்கு விரைவாகச் சூடேறுகிறது. அவர் கண்ட விதி நின்றது. கடலின் மீது வைத்த நம்பிக்கையே பொய்த்தது. அக்கணக்கின் மீதியை நாம்தான் தீர்க்க வேண்டும், நண்பர்களே.